யார் வீட்டுப் பிள்ளை ஏறுவது?

‘கவச வண்டி’ என்று பேப்பரில் படித்ததும் உங்கள் மனசில் என்ன வருகிறது? உள்ளே உட்கார்ந்துவிட்டால் எமனே வந்தாலும் தொட முடியாது என்றுதானே?

எம்-113 வண்டியைப் பற்றித் தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். 1960-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தது. சக்கரத்தின் மேல் சங்கிலிப் பட்டை. ஓட்டுகிறவர், கமாண்டர் போக 11 சிப்பாய்கள் ஏறலாம். விமானத்தில் ஏற்ற வேண்டும், ஆற்றில் மிதக்க வேண்டும் என்பதால் எஃகு வேண்டாம், அலுமினியம் போதும் என்றார்கள். துப்பாக்கித் தோட்டாவை, ஷெல் சிதறலைத் தாங்கும். கண்ணிவெடி, ராக்கெட் என்றால் அம்பேல்தான். செய்தவர்கள் இதை மறைக்கவில்லை. சண்டை நடக்கிற இடத்தருகே ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிற டாக்ஸி, அவ்வளவுதான்.

அந்த டாக்ஸியைச் சண்டைக்குள்ளேயே அனுப்பினார்கள் பாருங்கள், அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வியட்நாமில், 1963 ஜனவரி 2, ஆப் பாக் கிராமம். மேலே இடுப்பு வரை வெளியே தெரிய நின்று சுட்ட தென் வியட்நாம் வீரர்களில் 14 பேர் ஒரே நாளில் செத்தார்கள். அதற்கப்புறம்தான் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு தகடு வைக்கத் தோன்றியது. கண்ணிவெடிக்குப் பயந்து சிப்பாய்கள் கூரை மேல் உட்கார்ந்து போனார்கள். கவச வண்டிக்கு வெளியே இருப்பதுதான் பத்திரம் என்றால், அதற்குப் பெயர் கவசமா?

சரி, அது பழைய கதை என்பீர்கள். காஸாவுக்கு வாருங்கள். 2004 மே மாதம், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இந்த ரக வண்டிகள் இரண்டு வெடித்து 11 இஸ்ரேல் சிப்பாய்கள் இறந்தார்கள். 2008-ல் ‘நமேர்’ என்ற கனமான வண்டி வந்தது. ஆனால் விலை அதிகம், கொஞ்சம்தான் வாங்கினார்கள். 2014 ஜூலை 20, ஷுஜாயியாவில் பழைய பெட்டியிலேயே போன ஏழு பேர் செத்தார்கள். அதற்கப்புறம் கூடுதல் நமேர்களுக்குப் பணம் கிடைத்துவிட்டது! எப்படி? அதே நாளில், அதே ஷுஜாயியாவில், ஒரு தகரம்கூட மறைப்பில்லாத பாலஸ்தீனப் பொதுமக்கள் பலர் செத்தார்கள். அவர்களுக்காக எந்த பட்ஜெட்டும் திருத்தப்படவில்லை.

அமெரிக்கா 2007-ல் இதை வாங்குவதை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் 200 வண்டிகளை உக்ரைனுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. லாரியில் போவதற்கு இது தேவலை, வாஸ்தவம். படையெடுப்புக்கு ஆளானவன் கிடைத்ததை வாங்கிக்கொள்ளத்தான் செய்வான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் வீட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொடுத்துவிட்டு, கொடைவள்ளல் போஸ் கொடுக்கக் கூடாது.

இந்த ரகத்தில் 80,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். பல நாடுகளில் இன்னும் ஓடுகின்றன. எல்லா இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: புது வண்டிக்குக் காசு வேண்டும், சிப்பாய் சும்மா கிடைப்பான்.

அடுத்த முறை ஏதாவது ஒரு அமைச்சர் ‘நம் வீரர்களுக்குக் கவச வண்டி இருக்கிறது’ என்று மார்தட்டினால், நீங்கள் தகட்டின் கனத்தைக் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘ஐயா, உங்க பையன் அதுல ஏறுவானா?’