பெர்மிட்டுக்கு ஒரு நீதி, ஊறல் பானைக்கு ஒரு நீதியா?

தர்மபுரி ஜில்லாவாசிகளுக்கு மதுவிலக்கு என்பது புதிய சங்கதியல்ல. 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஆச்சாரியார் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் முதன்முதல் மதுவிலக்கை அமல் செய்தது, தர்மபுரியும் உள்ளடங்கிய பழைய சேலம் ஜில்லாவிலேயாகும். அன்று செய்த அந்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் அமலில் இருக்கிறது. அச்சட்டத்தின் கீழேயே 2003 முதல் சர்க்காரின் டாஸ்மாக் ஊர் ஊராய் மதுக்கடை நடத்துகிறது. கடை நடத்துவதும், கிளப்புகளுக்கும் ஓட்டல்களுக்கும் லைசென்சு கொடுப்பதும், குற்றத்தை விசாரிப்பதும் "மதுவிலக்கு" என்ற பெயர் தாங்கிய ஒரே இலாகாவாகும். கசாப்புக் கடைக்கு ஜீவகாருண்ய சங்கம் என்று பலகை மாட்டினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

குடிப்பது பாவம், புண்ணியம் என்ற பேச்சு நமக்கு அவசியமில்லை. 1921 மறியல் காலத்தில் சேலம் தாதம்பட்டியில் தம் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த பெரியாரே, பிற்காலத்தில் கட்டாய மதுவிலக்கைக் கண்டித்தார். நாம் கேட்பது நீதியைப் பற்றியேயாகும்.

லைசென்சு பெற்ற ஓட்டல்காரர் விதியை மீறினால் என்ன நடக்கிறது? விளக்கம் கேட்டு நோட்டீசு வருகிறது, பதில் சொல்லத் தவணை உண்டு, வக்கீல் உண்டு, அப்பீல் உண்டு. இது சரியே. ஆனால் மலையடிவாரத்தில் ஊறல் போட்ட ஏழைக்கு? 1982-ம் வருஷத்து 14-வது சட்டப்படி, கலெக்டர் உத்தரவின் பேரில் கோர்ட்டு விசாரணையின்றியே அவனைப் பன்னிரண்டு மாதம் வரை அடைத்து வைக்கலாம். ஆலோசனைக் குழு ஒன்று அவன் சங்கதியைக் கேட்கும் என்கிறார்கள். ஆனால் அதன்முன் வக்கீல் வைத்துப் பேச அவனுக்கு உரிமையில்லை! படித்த பணக்காரனுக்கு வக்கீல். எழுத்தறியாத ஏழை தானே வாதாட வேண்டும். இதுதான் மனுநீதியின் புதுப் பதிப்பு.

விஷச்சாராயம் விற்பவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அத்தகையவனைக் கடுமையாய்த் தண்டிக்கட்டும். ஆனால் பகிரங்கக் கோர்ட்டில் ருசுப்பித்துத் தண்டிக்கட்டும். அப்போதுதான் பானைக்காரனோடு நில்லாமல், மெத்தனால் அனுப்பியவனும், கண்டும் காணாதிருந்த உத்தியோகஸ்தனும் வெளிப்படுவார்கள்.

கடை வைக்கும் விதியையும் பாருங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டுமாம். கல்லுச்சாமிக்குத் தூரம் அளந்தவர்கள், புருஷன் கூலியைப் பறிகொடுக்கும் பெண்ணின் குடிசைக்கு ஏன் அளக்கவில்லை?

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது மூன்று. லைசென்சையும் விசாரணையையும், விற்பனையில் சம்பந்தமில்லாத தனிக் குழுவிடம் ஒப்படையுங்கள். கடை திறக்குமுன் அவ்வூர்ப் பெண்களைக் கூட்டி, அவர்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாய்க் கேளுங்கள். ஓட்டல்காரருக்குள்ள வக்கீல் உரிமையை ஊறல்காரனுக்கும் கொடுங்கள். விற்கிறவனே நீதிபதியாயிருக்கும்வரை, மதுவிலக்கு என்பது பெயர்ப் பலகையில் மட்டுமே இருக்கும்.