மயங்கி விழுந்தால் கேஸா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த ஷூ கம்பெனியில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். வேலை நேரத்தில் ஒரு பெண் மயங்கிச் சரிந்தால் முதல் கேள்வி, "காலையில சாப்பிட்டியாம்மா?" பெரும்பாலும் அந்தக் கேள்வி சரிதான். விடியற்காலை பஸ் பிடிக்கிறவர்கள் எங்கே சாப்பிடுவது? ஆனால் படியேறும்போதே கண் இருட்டி விழுகிறவருக்கும், டேனரியில் ஈரத்தோலைத் தூக்கும்போது சாய்கிற பெரியவருக்கும் அதே பதிலா? "லோ பி.பி.", "கேஸ்", "வயசாச்சு". இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே நம் பக்கத்தில் பாதி வைத்தியம் நடக்கிறது.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. நன்றாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். இது கிழவர்கள் நோய் மட்டுமல்ல. சிறுவயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலும் வால்வைக் கெடுக்கும். மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறக்கிறவர்களும் நூற்றுக்கு ஒருவராவது உண்டு.

வால்வு கெட்டால் துடிப்பின் தாளமும் கெடும். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை இந்த வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. வால்வில் படிந்த சுண்ணாம்பு அங்கே இறங்கினால் பாதை அடைபட்டு, நாடி 40-க்கும் கீழே போகலாம். ஆள் விழுகிறார். இன்னொரு பக்கம், தடித்து இறுகிய கீழறைக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி மேலறை விரிந்துபோய், கண்டபடி துடிக்க ஆரம்பிக்கும். நேற்றுவரை சமாளித்தவருக்கு இன்று மூச்சு வாங்கும். அந்த மேலறையில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இதைச் சந்தேகிக்க முதலில் வேண்டியது மூன்று விரலும் ஒரு நிமிடமும். அடுத்து, 1816-லேயே லென்னெக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்ட ஸ்டெதாஸ்கோப். கழுத்தில் மாலையாகத் தொங்குகிறதே, அதை நெஞ்சில் வைத்தால் போதும். பிறகு இசிஜி, எக்கோ. "இசிஜி நார்மல்" என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது தனிக் கொடுமை. வந்து வந்து போகும் தாளக் கோளாறு பத்து விநாடிக் காகிதத்தில் எப்படிச் சிக்கும்? 24 மணி நேர ஹோல்டர் எதற்கு இருக்கிறது?

1961-லேயே திறந்த இதய அறுவை சிகிச்சையைச் செய்துகாட்டிய சி.எம்.சி. ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அது பக்கத்தில் இருப்பதே நமக்குச் சாக்காகிவிட்டது. "பெருசா ஏதாவதுன்னா சி.எம்.சி. இருக்கு" என்கிறார்கள். பெரிதா இல்லையா என்று நாடி பிடிக்காமல் எப்படித் தெரியும்?

செலவு யாருடையது என்று கேட்பவர்களுக்கு: இ.எஸ்.ஐ.க்கென்று தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் போகிறது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் மருத்துவ அறையும் ஆட்களும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கட்டிலும் கொஞ்சம் பாராசிட்டமாலும் போட்டுவைத்தால் அது மருத்துவ அறையா? 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். அந்த மாதிரி டிஜிட்டல் மெஷினில் நாடி எண்ணும் சேர்ந்தே வரும். பல மாடல்களில் தாளம் தவறினால் தனி அடையாளமும் காட்டும். அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று சூப்பர்வைசர், எச்.ஆர். என்று இருக்கிறீர்கள். உங்கள் லைனில் யாராவது விழுந்தால், என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார், நாடி எத்தனை, ஒழுங்காக இருந்ததா என்று ஒரு சீட்டில் எழுதி, அன்றைக்கே இ.எஸ்.ஐ.க்கு அனுப்புங்கள். அதற்காக அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.