சபையில் இரண்டு நிறைகற்கள்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 20:10, அப்போஸ்தலர் 4:36, 37, ஆமோஸ் 6:1-7



இந்த வாரம் ஆறுதலான தியானம் ஒன்றை எழுதவே எண்ணியிருந்தேன். கர்த்தரோ என் மனச்சாட்சியை வேறொரு பக்கம் திருப்பினார். இதை வாசிக்கும் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டாகலாம். முதலில் வருந்த வேண்டியவன் நானே என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்து நாம் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஓசூரில் பணிபுரியும் நம் சபை வாலிபர் ஒருவர், நண்பர்களோடு சீப்புரு தீவுக்குச் சென்றுவந்த படங்களைக் கைபேசியில் காட்டினார். ஒரு ஜீப்பில் ஆறு பேர் மட்டுமே செல்லும் சிறு குழுப் பயணம். தார்ச்சாலை இல்லாத அகாமாஸ் தீபகற்பத்தின் செம்மண் தடங்கள், கடலாமைகள் முட்டையிடும் லாரா கடற்கரை, ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் என்று காட்சிகள் அழகாகவே இருந்தன. மாலையில் பயணம் ஒரு திராட்சத்தோட்டத்தில் முடிந்தது. நீண்ட மேசை, அதன்மேல் வரிசையாக ஐந்து கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை ஒயின். "ஐயா, இது ருசி பார்க்கிறதுதான்" என்றார் அவர். மூப்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "கர்த்தர் உனக்கு நல்ல வாய்ப்பைக் கொடுத்தார், தம்பி" என்றேன்.

எங்களுக்குப் பின்னால் தக்காளி மண்டியில் சுமை தூக்கும் சகோதரர் ஒருவர் நின்றிருந்தார். டாஸ்மாக் கடை வாசலில் அவரைக் கண்டதாகச் சிலர் சொல்ல, அவரும் ஒத்துக்கொண்டதால், மூன்று மாதங்களுக்குத் திருவிருந்திலிருந்து அவரை விலக்கி வைத்திருந்தோம். அந்தத் தீர்மானத்தை வாசித்தவன் நான். அவர் அந்தப் படங்களை எட்டிப் பார்த்தார். எல்லோரும் போனபின் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஐயா, தம்பி குடிச்சது வேற, நான் குடிச்சது வேறங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியே இதை எழுதுகிறேன். இருவரிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேதத்தில் வரும் திராட்சரசம் வெறும் பழச்சாறுதான் என்று வாதாடி இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க நான் விரும்பவில்லை. கானா ஊர்க் கலியாணத்தில் கர்த்தர் உண்டாக்கியது திராட்சரசமே. வயிற்று நோவுக்காகச் சிறிதளவு கூட்டிக்கொள்ளும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் உண்மையே. அதே வேதம் நோவாவின் வெறியையும் அதனால் வந்த அவமானத்தையும் மறைக்கவில்லை. தகப்பனுக்குக் கீழ்ப்படிந்து திராட்சரசத்தையே தொடாதிருந்த ரேகாபியரை எரேமியா 35-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே மெச்சிக்கொள்கிறார். ஆகவே கிண்ணத்தில் இருப்பது என்ன என்பதைப் பற்றி நான் இங்கே வழக்காட வரவில்லை. நம் கையில் இருக்கும் தராசைப் பற்றியே பேசுகிறேன்.

"அது ருசி பார்த்தல், இது குடித்தல்" என்கிறார்கள். சரி, நிறுத்துப் பார்ப்போம். கிண்ணத்துக்கு ஐம்பது மில்லி வீதம் ஐந்து கிண்ணங்கள் என்று வைத்துக்கொண்டால் 250 மில்லி ஆகிறது. ஒயினில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சாராயச் சத்து என்றால், உள்ளே போனது ஏறக்குறைய 32 மில்லி. நம் ஊரில் 'கட்டிங்' என்று சொல்லும் 90 மில்லி பிராந்தியில் 42.8 பங்கு என்றால், உள்ளே போவது ஏறக்குறைய 38 மில்லி. வித்தியாசம் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஒயினின் தரத்தை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், வாயில் வைத்துச் சுவைத்தபின் அதைத் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். ஆகவே ருசி என்ற சொல் அளவைக் குறைக்கவில்லை, வெட்கத்தைத்தான் குறைத்திருக்கிறது. ஒருவன் குந்தியிருந்து குடிக்கிறான், மற்றவன் மேசையில் அமர்ந்து குடிக்கிறான். முன்னவனை விலக்கினோம், பின்னவனை வாழ்த்தினோம். வெவ்வேறான நிறைகற்கள் கர்த்தருக்கு அருவருப்பு என்று சாலொமோன் எழுதியது சந்தை வியாபாரிக்கு மட்டும்தானா? அழுக்கு வஸ்திரம் தரித்தவனைக் கீழே நிற்கச் சொல்லி, பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடம் கொடுத்த சபையை யாக்கோபு கண்டித்தாரே, அது நாம் அல்லவா?

"அது வரலாறு, அது பண்பாடு" என்று இரண்டாவது வாதம் வருகிறது. வரலாற்றைப் பார்ப்போம். சீப்புருவின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினுக்குக் கொமாண்டரியா என்று பெயர். அந்தப் பெயர் அங்கே கொலோசி கோட்டையில் தலைமையிடம் அமைத்திருந்த சிலுவைப்போர் வீரத் துறவிகளிடமிருந்து வந்தது. எருசலேமில் நோயுற்ற யாத்திரிகரைப் பராமரிக்கத் தோன்றிய அமைப்பு அது. காலப்போக்கில் தோட்டங்களுக்கும் கோட்டைகளுக்கும் உரிமையாளராகி, இன்று அந்த நாட்டில் ஒரு புட்டியின்மேல் பெயராக நிற்கிறது. ஊழியத்தை நினைப்பவர் இல்லை, ஒயினே நினைக்கப்படுகிறது. சபைகளே, இது நமக்கு எச்சரிப்பு.

நம் சொந்த வரலாறு இன்னும் அருகில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் எது? 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு அதைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். அதாவது, மாரண்டஹள்ளி அன்று சேலத்தின் ஒரு பகுதி. கடைகள் முதலில் மூடப்பட்ட மண்ணில் நாம் நிற்கிறோம். பின்னர் 1971-ல் விலக்கு நீங்கியது, மீண்டும் வந்தது, மீண்டும் நீங்கியது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. நம் பாட்டன்மார் ஒருமுறை விடுதலையைக் கண்டார்கள். அந்தப் பண்பாட்டை மறந்துவிட்டு, அயல் தீவின் பண்பாட்டைச் சுவைக்க நாம் கடல் கடக்கிறோம்.

கடல் கடக்க வேண்டியதும் இல்லை. நந்தி மலையடிவாரத் தோட்டங்களிலும் நாசிக்கிலும் இதே சுற்றுலா, இதே மேசை. பெங்களூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ஆராதனை நாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது வேதத்தைத் திறந்து, சீப்புரு தீவில் நடந்த வேறொரு சிறு குழுப் பயணத்தைப் பாருங்கள். அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரம். பர்னபா, பவுல், உதவிக்கு யோவான் என்னும் மாற்கு, மூன்றே பேர். சாலமியில் கரையிறங்கித் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனையாகிய பாப்போ பட்டணம் வரை கடந்தார்கள். ஜீப் இல்லை. பயணத்தின் முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது மாயவித்தைக்காரனின் எதிர்ப்பும், தேசாதிபதி ஒருவரின் விசுவாசமும். அகாமாஸுக்குப் போகும் ஜீப்புகள் இன்று பெரும்பாலும் அதே பாப்போ பட்டணத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

அந்தப் பர்னபா யார்? சீப்புரு தீவான். நிலத்துக்குச் சொந்தக்காரன். சபையில் குறைவுபட்டவர்கள் இருந்தபோது அவன் தன் நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தான். சீப்புருவைப் பற்றி அப்போஸ்தலருடைய நடபடிகள் முதலில் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே. அந்தத் தீவிலிருந்து நாம் கொண்டுவர வேண்டிய ருசியும் இதுவே.

வேதம் திராட்சத்தோட்டத்துக்குள் நம்மை அழைத்துப்போகும்போது எதைக் காட்டுகிறது? நாபோத்தின் தோட்டத்தில் இரத்தம் இருக்கிறது. ராஜாவின் ஆசைக்கு ஏழையின் உயிர் விலையானது. ஏசாயாவின் தோட்டத்தில் கர்த்தர் நியாயத்தைத் தேடி, முறையிடுதலைக் கேட்டார். நம் கர்த்தர் சொன்ன உவமையில், கூலி கிடைக்குமா என்று மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். உதிர்ந்த பழங்களை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. பிறனுடைய தோட்டத்தில் வயிறார உண்ணலாம், பாத்திரத்தில் எடுத்துப்போகலாகாது என்று உபாகமம் சொல்கிறது. வேதம் தோட்டத்துக்குள் நுழைந்தவுடன் வேலைக்காரனையும் பசித்தவனையும் காண்கிறது. சுற்றுலா நுழைந்தவுடன் கிண்ணத்தைக் காண்கிறது.

அந்த வாலிபரிடம் நான் பிறகு கேட்டேன்: "அந்தத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்களைப் பார்த்தாயா, தம்பி?" அவர் யோசித்து, "இல்லை ஐயா, காட்டவில்லை" என்றார். அவர் சொந்த ஊரில் தக்காளி பறிப்பவர் அவருடைய பெரியம்மாதான். விலை விழுந்த நாட்களில் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் குடும்பங்கள் நம் சபையிலேயே உண்டு. விளைச்சலுக்குப் பின்னால் ஒரு முதுகு வளைகிறது என்பது நமக்குத் தெரியும். தெரிந்த நாமே அதைக் காணாமல் திரும்புகிறோம் என்றால், குற்றம் வழிகாட்டியுடையதா?

ஆமோஸ் சீயோனின் சொகுசுக்காரர்களைக் கண்டிக்கும்போது பாத்திரங்களில் குடிப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதற்கு மேலான குற்றத்தைச் சொல்கிறார்: யோசேப்புக்கு வந்த கேட்டைக் குறித்து அவர்கள் கவலைப்படவில்லை. நம் யோசேப்பு எங்கே இருக்கிறான்? 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும் அதை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குச் சீப்புருவின் கிண்ணம் காரணமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் தன் பழக்கத்தோடு போராடும் ஒருவன் நம் வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தான். என் சகோதரன் இடறுகிறதற்கு ஏதுவானதைச் செய்யாதிருப்பதே நன்மை என்று ரோமர் 14-ல் பவுல் போதித்தது இத்தகைய வாசலுக்குத்தான்.

"படித்தவர்களுக்கு அளவு தெரியும்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்கு ஒரு பெயரை நினைவூட்டினேன். சாந்தி ரங்கநாதன். சென்னையின் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பம் ஒன்றில் வாழ்ந்தவர். இளவயதிலேயே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அதை மறைக்காமல் 1980-ல் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். பணக்காரரின் கிண்ணத்துக்கு வேறு குணம் கிடையாது என்பதை அவருடைய கண்ணீர் நமக்குச் சொல்கிறது. குடி ஒரு நோய் என்பதையும் அவருடைய பணி சொல்கிறது. நம் சபையோ நோயாளிக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, துணைக்கு ஒருவரையும் அனுப்பவில்லை.

அப்படியானால் சுமை தூக்கும் சகோதரர் குடிக்கலாமா? கூடாது. அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை நான் அறிவேன். ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாம் என்பதும் என் வாதம் அல்ல. ஒரே ஒழுங்கு வேண்டும் என்பதே என் வாதம். இனி நம் சபையில் மதுவைக் குறித்த தீர்மானம் எதுவாயினும் அது போதகனுக்கும் மூப்பருக்கும் முதலில் பொருந்தட்டும். பயணம் போகிறவர்கள் போங்கள். மலையும் கடலும் ஆமைகளும் கர்த்தருடைய கைவேலை. அந்தக் கடைசி மேசையில் மட்டும் எழுந்து நின்று, "எங்கள் ஊரில் எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான், அவனுக்காக வேண்டாம்" என்று சொல்லுங்கள். திரும்பி வந்து, சிகிச்சைக்குப் போகிறவரோடு பேருந்தில் உட்கார்ந்து போக ஒரு நாளைக் கொடுங்கள்.

கடந்த வியாழக்கிழமை மாலை அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, "நீங்கள் கேட்டது சரி. இரண்டும் ஒன்றுதான். நான்தான் இரண்டாக நிறுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நானும் விடணும்ங்களே, ஐயா" என்றார். ஓசூர் வாலிபர் வரும் திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். பவுல் அதைப் பந்தி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற திருவிருந்து ஞாயிறன்று நம் முன்னே இருப்பது ஒரே பாத்திரம். அதற்கு முன்பாக நாம் ஒவ்வொருவரும் நம்மைச் சோதித்துப் பார்ப்போமாக.

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, எங்கள் கையிலிருந்த கள்ள நிறைகல்லை எடுத்துப்போடும். எளியவனின் கேள்வியில் உம்முடைய சத்தத்தைக் கேட்கும் செவியைத் தாரும். விடுதலைக்காகப் போராடும் எங்கள் சகோதரரைத் தாங்கும். பர்னபாவின் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.