அன்றாட ஆங்கிலம்: தேய்ந்ததா, உடைந்ததா?



"மெஷின் ரிப்பேர்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சைக்கிளும் ரிப்பேர், றேடியோவும் ரிப்பேர், தண்ணீர் மோட்டாரும் ரிப்பேர். எங்களுக்குள் கதைக்கும்போது இது நன்றாக விளங்கும். ஆனால் ஆங்கிலத்தில் ரிப்பேர் என்றால் திருத்துதல். பழுது என்ற கருத்து அதற்கு இல்லை. கொழும்புக் கடைக்குத் தொலைபேசி எடுத்து "மை மெஷின் இஸ் ரிப்பேர்" என்றால், மெஷினுக்கு என்ன நடந்தது என்பது மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே இம்மாதம் பழுதுகளைச் சொல்லும் சொற்களைப் படிப்போம்.

பழுது இரண்டு வகையாக வரும். ஒன்று நாட்பட நாட்பட வருவது. மற்றது சடுதியாக வருவது. எங்கள் தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. சீலை இத்துப்போகும், மரம் உக்கும், இரும்பு கறள் பிடிக்கும், ரயர் தேயும். இவை மெல்ல மெல்ல நடப்பவை. கயிறு அறும், தடி முறியும், கண்ணாடி உடையும். இவை ஒரு கணத்தில் நடப்பவை. ஆங்கிலத்திலும் இப்படியே தனித்தனிச் சொற்கள் உள்ளன.

முதலில் மெல்ல வரும் பழுதுகள். பாவித்துப் பாவித்துத் தேய்வது வெயார் அவுட். தையல் மெஷினின் தோல் பெல்ட் தேய்ந்துவிட்டால் "த பெல்ட் இஸ் வோர்ன் அவுட்" என்போம். கறள் பிடித்தால் "இட் இஸ் ரஸ்டி". தண்ணீர்த் தாங்கி ஒழுகினால் "த டாங்க் இஸ் லீக்கிங்". ஆணி தளர்ந்தால் "த ஸ்க்ரூ இஸ் லூஸ்". துணியின் நிறம் மங்கினால் "த கலர் ஹாஸ் ஃபேடட்".

அடுத்து சடுதியானவை. பொதுச் சொல் பிரேக். நடந்து முடிந்தால் ப்ரோக். உடைந்த நிலையில் இருப்பது ப்ரோக்கன். ஊசி, சங்கிலி போன்றவை "டக்" என்று முறிந்தால் ஸ்னாப். நாம் வெடித்தது என்று சொல்வதற்கு மட்டும் மூன்று சொற்கள் உண்டு. சுவர் வெடித்தால் கிராக், சைக்கிள் ரியூப் வெடித்தால் பர்ஸ்ட், குண்டு வெடித்தால் எக்ஸ்ப்ளோட். கடைசிச் சொல் எங்களுக்கு இனித் தேவைப்படாமல் இருக்கட்டும்.

பஸ் வழியில் நின்றுவிட்டால் "த பஸ் ப்ரோக் டவுன்" என்று சொல்ல வேண்டும். பஸ் துண்டு துண்டாகவில்லை, ஓடாமல் நின்றுவிட்டது. மோட்டார், மெஷின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வசனம் அமைக்கும் முறையும் வேறு. மெல்ல வரும் பழுதுக்கு ஹாஸ் பீன் சேர்ப்போம். "இட் ஹாஸ் பீன் மேக்கிங் எ நொய்ஸ் ஃபொர் டூ வீக்ஸ்." இரண்டு கிழமையாகச் சத்தம் போடுகிறது என்பது கருத்து. சடுதியான பழுதுக்கு நடந்த நாளைச் சொல்வோம். "த நீடில் ஸ்னாப்ட் யெஸ்டர்டே." நேற்று ஊசி முறிந்தது.

இது வெறும் இலக்கணம் அல்ல என்பதை எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரியின் அனுபவத்தில் கண்டேன். கணவரை இழந்தவர், தையலால் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். புதிதாக வாங்கிய மெஷினில், மிதிபலகையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி நான்காம் மாதமே முறிந்துவிட்டது. கடையில் ஒருவர் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பி "வோர்ன் அவுட்" என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டார். உத்தரவாத அட்டையிலோ, வெயார் அன்ட் டெயார் இதில் அடங்காது என்று சிறிய எழுத்தில் இருந்தது. பாவனையால் வரும் தேய்மானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதே இதன் பொருள். பல உத்தரவாத அட்டைகளில் இந்த வாசகம் இருக்கிறது. கம்பிக்குப் பணம் கட்டும்படி கடையில் சொன்னார்கள்.

அவருடைய கம்பி தேயவில்லை, முறிந்தது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கடிதம் எழுதினோம். "த ரொட் வாஸ் நொட் வோர்ன் அவுட். இட் ப்ரோக் இன்டு டூ பீசஸ்." முறிந்த திகதியையும் குறிப்பிட்டு, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்தார். முறிந்த இரண்டு துண்டுகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினார். மூன்று கிழமைக்குப் பின் புதிய கம்பி இலவசமாகக் கிடைத்தது.

தேய்ந்ததை உடைந்தது என்று மாற்றி எழுதும்படி நான் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். விளங்காத படிவத்தில் கையொப்பம் இடாதீர்கள். கடைக்காரர் செவிசாய்க்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1977. தமிழ் அரச கரும மொழி. ஆகவே அங்கே தமிழிலேயே முறைப்பாடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

செயற்கைக் கால் அணியும் சகோதரிகளுக்கும் இச்சொற்கள் உதவும். வெளிநாட்டு நிபுணர் வந்து பார்க்கும்போது, பட்டி தேய்ந்திருந்தால் "த ஸ்ட்ராப் இஸ் வோர்ன் அவுட்" என்று சொல்லலாம். பாதத்தில் வெடிப்பு இருந்தால் "த ஃபுட் இஸ் கிராக்ட்" என்று சொல்லுங்கள். வெடித்த பாதத்தோடு நடந்தால் விழ நேரிடும். அதற்கு நிபுணர் வரும்வரை காத்திருக்காமல் உடனே நிலையத்துக்குப் போக வேண்டும். வைத்தியரும் வலியைப் பற்றி "சடன்லியா, கிராஜுவலியா" என்று கேட்பார். சடுதியாக வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்பதே கேள்வி. விடையைப் பொறுத்து அவருடைய பரிசோதனையும் மாறலாம்.

இம்மாதப் பயிற்சி இதுதான். உங்கள் வீட்டில் பழுதான ஐந்து பொருட்களைப் பாருங்கள். தேய்ந்ததா, உடைந்ததா என்று முதலில் தமிழில் சொல்லுங்கள். பின்பு ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனம் எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்யலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.