மழைமானியும் இருளர் பிள்ளைகளும்

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கருகே கரையேறி, விரைவில் நகராமல் நின்று பெய்தது. மறுநாட்காலை வரையில் மயிலத்தில் பதிவான மழை ஏறக்குறைய 50 செண்டிமீட்டர். ஓர் ஏக்கர் நிலத்தில் அவ்வளவு மழை பெய்தால் விழும் நீர் 20 லட்சம் லிட்டராகும். செஞ்சியின் கற்குன்றுகளில் விழும் மழை தங்குவதில்லை; பாறையில் வழுக்கி ஏரிகளுக்கும், அங்கிருந்து சங்கராபரணி ஆற்றுக்கும், பின்னர் வீடூர் அணைக்கும் ஓடிவிடுகிறது. இவ்வழியில் அந்நீரை முதலில் சந்திப்பவர் நிலச்சுவான்தார் அல்லர். ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்காற்கரையிலும் குடிசை கட்டியிருக்கும் இருளர்களே.

இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சீதோஷ்ண மாறுதலைப் பற்றிய பாடம் இல்லாமலில்லை. சுற்றுச்சூழற் கல்வி கட்டாயமாக்கப்படவேண்டுமென்று உச்சநீதிமன்றம் 1991-ம் வருஷத்திலேயே உத்தரவிட்டது. ஆயினும் துருவப் பிரதேசத்துப் பனி உருகுவதை மனப்பாடம் செய்யும் பிள்ளை, தன் குடிசைக்குப் பின்னாலுள்ள ஏரி எத்தனை அங்குல மழைக்கு நிரம்பும் என்பதைப் பாடத்தில் காண்பதில்லை. துருவத்துப் பனி முக்கியமானதே. ஆனால் செஞ்சியில் பாடம் அங்கே தொடங்கவேண்டிய அவசியமில்லை.

“எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத பிள்ளைகளுக்குச் சீதோஷ்ண சாஸ்திரம் எதற்கு?” என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. வயலில் எலி மிகுந்தால் அவர்களே இருளரை அழைக்கின்றனர். வளையின் வாயைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எலியா, பாம்பா என்று சொல்லும் திறமை எந்தப் பாடபுத்தகத்திலும் கற்றதன்று. வடநெம்மேலியில் 1978-ம் வருஷம் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்து வழங்கிவருகிறது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ம் வருஷம் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவ்வளவு கூர்ந்து பார்க்கும் ஜனங்களின் பிள்ளைகளுக்கு அளந்தறியும் சாஸ்திரம் எட்டாது என்பது பொருந்தாத வாதம்.

ஆனால் பெரியோர் சொல்லும் குறிகளெல்லாம் பலிக்கும் என்று கொள்வதும் தவறு. ஈசல் புறப்படுவதையும் எறும்பு முட்டை சுமப்பதையும் கண்டு மழை சொல்வது வழக்கம். அவற்றுள் சில பலிக்கும், சில பொய்க்கும். ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒரு பத்தியில் பாட்டன் சொன்ன குறியையும், எதிர்ப்பத்தியில் மழைமானி காட்டிய அளவையும் மூன்று பருவங்கள் பிள்ளையே எழுதிவந்தால், எது நம்பத்தக்கது என்பது விளங்கிவிடும். சாஸ்திரம் என்பது இதுவே. அதன்பின், காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்ஷியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்குச் சுமார் 7 பங்கு அதிகரிக்கும் என்றும், அதனாலேயே பெருமழை மேலும் கனக்கிறதென்றும் உபாத்தியாயர் சொன்னால், பிள்ளைக்கு அது வெறுஞ்சொல்லாகாது.

இதற்குச் செலவு அதிகமில்லை. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள தகரப் பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். சுவரோ மரமோ இருக்குமாயின் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்திற்கப்பால் அதை வைத்து, தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு அளக்கவேண்டும். அதே நேரத்தில் ஏரி மதகின்மேல் வரைந்த கோடுகளில் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதலாம். மழை ஊருக்கு ஊர் மாறுவது. தாலுகாவில் ஓரிடத்து அளவைக் கொண்டு எல்லாக் கிராமங்களின் நிலையையும் சொல்ல முடியாது. மணிலாக் கொட்டை விதைக்கும் நாளைத் தீர்மானிக்க விரும்புவோருக்கு அப்பள்ளிக் கணக்கு கையருகே கிடைக்கும் பிரயோஜனமாகும்.

காலமும் இதற்கு ஒத்துவருகிறது. தைக்குப் பின் பல இருளர் குடும்பங்கள் செங்கற்சூளைகளுக்குப் போய்விடுகின்றன. பிள்ளைகளும் உடன் செல்வதால் பள்ளிப்படிப்பு அறுந்துபோகிறது. மழை தொடங்கிச் சூளைகள் நின்றபின் ஊர் திரும்புகின்றனர். ஆகவே மழையை அளக்கவேண்டிய மாதங்களே அவர்கள் ஊரிலிருக்கும் மாதங்கள். சூளைக்கு முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிவைக்கும் வழக்கம் 1976-ம் வருஷத்திய கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதைக் கிராமாதிகாரிகள் அறிவர்.

அவர்கள் கையிலுள்ள காரியம் இன்னொன்றும் உண்டு. சாதிச்சான்றிதழ் இல்லாமையால் மேல்வகுப்பிலும் உதவித்தொகையிலும் தடைப்பட்டு நின்றுவிடும் இருளர் பிள்ளைகள் பலர். பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் கோட்டாட்சியரேயானாலும், அதற்கான விசாரணையில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைக்கு இடமுண்டு. ஆடிக்குள் அவ்வறிக்கைகளை முடித்தனுப்புவதற்கு ஒரு தகரப் பாத்திரத்தின் விலைகூட ஆகாது.