சூரியனைக் காட்டிப் பயப்படுத்தாதேங்கோ

இண்டைக்கு இரவு 12.30 முதல் 3.30 வரை அண்டக் கதிர்கள் பூமிக்குக் கிட்ட வருகுதாம், போனை நிப்பாட்டித் தூர வைச்சுப் படுக்கட்டாம். இந்த வட்ஸ்அப் செய்தி பல வருசமாய்ச் சுத்துது. திகதி போடாததால் அது பழசாவதேயில்லை. இப்போது அதன் தம்பியும் வந்திட்டார்: "சூரியப் புயலால் இன்ரநெற் அழியப்போகுது" எண்ட யூரியூப் வீடியோக்கள்.

இந்த இன்ரநெற் கதைக்கு ஒரு மூலம் உண்டு. 2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (இர்வைன்) ஆய்வாளர் சங்கீதா அப்து ஜோதி, பெரும் சூரியப் புயல் கடலடிக் கேபிள்களை என்ன செய்யும் எண்டு ஆராய்ந்தார். துருவத்துக்குக் கிட்டப் போகும் கேபிள்களுக்கே ஆபத்துக் கூட, ஆசியப் பகுதிக்கு அது குறைவு எண்டதும் அதே ஆய்வில் இருக்கு. எங்கட ஆக்கள் தலைப்பை மொழிபெயர்த்தார்கள். எங்களைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டார்கள்.

சூரியப் புயல் பொய்யில்லை. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 இலட்சம் பேருக்கு ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லை. 2024 மே 10இல் அடித்தது 2003க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயல். லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கமராவில்கூடச் சிவப்புத் துருவ ஒளி பதிவானது. யாழ்ப்பாணத்தில் அது தெரியவில்லை. காரணம் எளிது. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலக் கோடுகள் துருவங்களை நோக்கித்தான் வழிநடத்தும். எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய காந்த ஊசி ஒன்று வடக்கு நோர்வேயில் நிலத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். இங்கே கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். நாங்கள் காந்த மத்தியகோட்டுக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறம்.

நோர்வே மாமா அனுப்பும் பச்சை வானப் படத்துக்கு ஹார்ட் போடுவதில் பிழையில்லை. ஆனால் எங்கட தலைக்கு மேல் என்ன நடக்குது எண்டு எந்தத் தமிழ் சனல் சொன்னது? காந்த மத்தியகோட்டை ஒட்டி, பகலில், சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று பாயுது. காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்குது எண்டுதான் கேரளத்தின் தும்பாவைத் தெரிவுசெய்து, 1963 நவம்பர் 21இல் இந்தியா அங்கிருந்து முதல் ரொக்கெட்டை ஏவியது.

பொழுதுபட்ட பிறகு இன்னொன்று நடக்கும். அயன்மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழும்பும். அவற்றுக்கூடாக வரும் ஜிபிஎஸ் சிக்னல் நடுங்கும், சிலவேளை அறுந்தும் போகும். சூரியன் உக்கிரமான வருசங்களில் இது கூட. இரவில் ஜிபிஎஸ் பார்த்துத் தொழிலுக்குப் போகும் மயிலிட்டி, குருநகர்க் கடற்றொழிலாளருக்குத் தெரியவேண்டிய விசயம் இது. இதுக்கு வியூஸ் வராது, அதனால் வீடியோவும் இல்லை.

விளங்காது எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது. 1990களின் முதல் பாதியில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் இது. பிபிசி தமிழோசையும் மணிலா வெரித்தாஸும் சிற்றலையில் இங்கே வந்து சேர்ந்தது, சூரியன் உருவாக்கும் அந்த அயன்மண்டலத்தில் பட்டுத் தெறித்துத்தான். இடையில் கேட்ட 'கறகற'வில் ஒரு பங்கு தூரத்து மின்னல்கள் அனுப்பிய வானொலி அலை. பூமியின் இயற்கை ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த ஊருக்குப் பேய்க்கதை விற்கிறீர்கள்.

எங்கட போனுக்குள்ளேயே காந்தமானி இருக்கு. அதை வைத்துக் காந்தப்புலத்தின் சாய்வை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அளக்கலாம். பழைய ஏஎம் றேடியோவில் ஐப்பசி மின்னலைக் கேட்கலாம். விஞ்ஞான பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, இதைச் செய்துகாட்டுங்கோ.

அடுத்த ஃபோர்வேர்ட் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. எந்தத் திகதி? எந்த நிறுவனம் சொன்னது? காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட என்ன நடக்கும்? பதில் இல்லையெண்டால் அழியுங்கோ. அனுப்பினது பெரியப்பா எண்டாலும் மரியாதையாய்ச் சொல்லிப்போட்டு அழியுங்கோ.