நிறத்திற்கு நாம் தரும் விலை

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்பது பழமொழி. அதைச் சொல்லாத வீடு இல்லை. நம்புகிற வீடுதான் இல்லை!

நண்பர்களே, முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு விடுதிக்கு வந்த புதிதில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை; நிறத்தைச் சொல்லியே அழைத்தனர். வேடிக்கைதானே என்று நானும் சிரித்தேன். ஆனால் ரெக்கார்டு நோட்டு வாங்க என் தாயார் கொடுத்த பணத்தில் சிவப்பழகு கிரீம் வாங்கினேன். அது அவர் உச்சி வெயிலில் களையெடுத்த கூலி. வெயிலில் கறுத்த கை ஈட்டிய பணத்தை, கறுப்பை மறைக்கச் செலவிட்டேன்!

நான் மட்டுமா? பாடநூலை நூலகத்தில் இரவல் வாங்கும் நாம், கிரீமை மட்டும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம்.

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் சந்தைக்கு வந்தது. ஆண்களுக்கென்று 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' 2005-இல் வந்தது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் பிடியில் மாண்டபோது, நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் எழுந்தது. அவ்வாண்டே 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. பெயர் மாறியது, நம் பார்வை மாறியதா? அமெரிக்க நிறவெறியைக் கண்டிக்கும் நாமே, பக்கத்து இருக்கைத் தோழனுக்கு நிறத்தால் பட்டப்பெயர் சூட்டுகிறோமே!

நாம் படிக்கும் பாடம் என்ன சொல்கிறது? தோலில் நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை தரும் மெலனினின் அளவும் வகையுமே வேறு. அம்மெலனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை. காசு கொடுத்துக் குடையைக் கிழிக்கலாமா? சில கிரீம்களில் கலக்கப்படும் பாதரசமோ சிறுநீரகத்தையே கெடுக்கும்.

"வேலைக்குப் போனால் தோற்றத்தைப் பார்க்கிறார்களே" என்பீர்கள். உண்மைதான். அப்படிப் பார்ப்பவர்களும் ஒரு காலத்தில் மாணவர்களாக இருந்தவர்களே. நாளை அந்த நாற்காலியில் அமரப் போகிறவர்கள் நாம். இன்று வகுப்பறையில் விடாத பழக்கத்தை அன்று விடுவோமா? பட்டப்பெயரை இன்றே விடுவோம். கிரீமுக்குப் போகும் காசு புத்தகத்திற்குப் போகட்டும்.

இவ்வாண்டு விடுதி நாள் விழாவுக்கு என் தாயாரை அழைத்திருக்கிறேன். அவரைப் பார்த்தால் என் நிறம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நான் இக்கல்லூரிக்கு எப்படி வந்தேன் என்பதும் தெரியும்.